ரோபர்மோரியில் கிடக்கிற கப்பல் உண்மையா, செட்டா?

யூன் 4, மாலை (கேள்வி)

போன ஞாயிறு குடும்பத்தோடு, கனடாவில் ஹூரன் ஏரிக்கரையில் இருக்கிற ரோபர்மோரி போனோம். அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏற்றி, தாண்ட கப்பல் ஒன்றைக் காட்டினார்கள். 1885 இல் தாண்டதாம். வேலிக்கு நட்ட மரத்தூண் பத்து வருடத்தில் உக்கிப்போகிறது. இது 140 வருடத்துக்குக் கிட்ட தண்ணீருக்குள் கிடந்தும் பலகை எல்லாம் வரிசையாக இருக்கிறது. ரிக்கற் விற்பதற்காகச் செய்து போட்ட செட் என்றுதான் நான் நினைக்கிறேன். இங்கே சுழியோடுகிற ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, ஆறு மீற்றர் குளத்துத் தண்ணீரில் சுழியோட என்ன இருக்கிறது?

யூன் 4, இரவு

செட் இல்லை. அதற்கு மேலே நான் பத்தொன்பது தடவை சுழியோடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஸ்வீப்ஸ்ரேக்ஸ். இரண்டு பாய்மரம் வைத்த ஸ்கூனர், 119 அடி நீளம். இப்போது பேர்லிங்ரன் என்று சொல்கிற ஊரில் 1867 இல் கட்டினார்கள். 1885 ஓகஸ்டில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு வந்தபோது கோவ் தீவுப் பக்கம் அடிபட்டது. அந்தத் தீவில் 1858 இலிருந்தே வெளிச்சவீடு எரிகிறது. இருந்தும் அடிபட்டது. ஜெஸி என்ற இழுவைப் படகு அதைக் கட்டி இழுத்து ரோபர்மோரியின் பிக் ரப் துறையின் உள் மூலைக்குக் கொண்டுவந்தது. அடி மோசமான அடி, திருத்தி எடுக்க முடியவில்லை. செப்டெம்பரில் நின்ற இடத்திலேயே தாண்டுபோனது. நிலக்கரியை எடுத்துக்கொண்டு கப்பலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புயலும் இல்லை, சாவும் இல்லை. பழுதான லொறியைக் கராஜுக்குப் பின்னால் தள்ளிவிட்ட மாதிரி.

கப்பலின் மேல்தளத்தில் இன்றுவரை ஒருவரும் கைவைக்கவில்லை.

யூன் 5, காலை

மேலே எழுதிய கடைசி வரி பிழை. படுத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. தளம் இடிந்து விழாமல் இருக்க இடைக்கிடை முண்டு கொடுத்துத் திருத்தம் செய்திருக்கிறார்கள். ஆகவே கேள்வி கேட்டவருக்குக் கால் வெற்றி. மரம் பழையது, முண்டு புதிது.

யூன் 5, மதியம்

இப்போது உக்காத கதை.

மரக் கப்பலைக் கடலில் தின்று முடிப்பது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். நீளமான உடம்பு, தலைப்பக்கம் இரண்டு சின்ன ஓடு. அந்த ஓட்டால் மரத்தை அரைத்து அரைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் குண்டூசி முனையளவு துளை, உடைத்துப் பார்த்தால் தேன்கூடு. உப்புத்தண்ணீர் இல்லாமல் அதால் சீவிக்க முடியாது. ஹூரன் ஏரி நன்னீர், அங்கே அந்தப் புழு கிடையாது.

மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்கிறது. நன்னீர் 4 பாகையில்தான் ஆகக் கூடின அடர்த்தியாக இருக்கும். அந்தத் தண்ணீர் அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே யூலை வெயிலில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள், முப்பது மீற்றர் கீழே குளிர்சாதனப் பெட்டி. மரத்தை உக்கச் செய்கிற கிருமிகளுக்கு அந்தக் குளிரில் வேலை ஓடாது. ஸ்வீப்ஸ்ரேக்ஸ் ஆழமில்லாத இடத்தில் கிடப்பதால் கோடையில் கொஞ்சம் சூடு படும்தான், ஆனால் வருடத்தில் அரைவாசி நாள் அதற்கும் குளிர்தான்.

வேலித்தூண் உவமைக்கு வருவோம். தூண் உக்குவது எங்கே என்று கவனித்திருக்கிறீர்களா? நிலமட்டத்தில், ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடத்தில். முழுதாகத் தண்ணீருக்குள் கிடக்கிற மரத்துக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

யூன் 5, மாலை

"குளத்துத் தண்ணீர்" என்றவருக்கு ஒரு கணக்கு. இலங்கை முழுவதும் சேர்த்தால் ஏறக்குறைய 65,600 சதுர கிலோமீற்றர். ஹூரன் ஏரி ஏறக்குறைய 59,600. மன்னாரிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும், பருத்தித்துறையிலிருந்து காலி வரைக்கும் தண்ணீர் நின்றால் எப்படியோ அப்படிக் கிட்டத்தட்ட. 1913 நவம்பரில் வந்த ஒரே புயலில் பேரேரிகளில் 250 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் ஹூரன் ஏரி மட்டும் எட்டுக் கப்பலை விழுங்கியது, எல்லாம் இரும்புக் கப்பல். குளமாம்.

யூன் 8

ஒருவர் தனிமடலில் கேட்டார்: "ஆறு மீற்றர் என்கிறீர்கள், இன்னொரு இடத்தில் ஐந்து என்று போட்டிருக்கிறது, எது சரி?" இரண்டும் சரி. ஏரி ஏறி இறங்கும். 2013 தொடக்கத்தில் இருந்த தாழ்வுக்கும் 2020 கோடையில் வந்த உயர்வுக்கும் கிட்டத்தட்ட 2 மீற்றர் வித்தியாசம். முன்பு எழுதிய குறிப்பேட்டைப் புரட்டினால் என் கணக்கே மாறி மாறித்தான் இருக்கிறது. ஆழமில்லாத கப்பலுக்கு இந்த 2 மீற்றர் பெரிய விசயம். தண்ணீர் இறங்கினால் படகுகளின் சுழல்விசிறி கிளப்புகிற தண்ணீர் தளத்தில் போய் அடிக்கும், மாரியில் பனிக்கட்டியும் கிட்ட வரும்.

யூன் 8, பிறகு

பெயரைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். ஓம், நம் ஊரில் பழைய ஆட்கள் லொத்தரை "சுவீப்" என்பார்களே, அதே சொல்தான். சுவீப் விழாத சுவீப்.

பிக் ரப் என்றால் பெரிய தொட்டி. பக்கத்தில் லிற்றில் ரப், சின்னத் தொட்டி. படகுகள், ஐஸ்கிறீம் கடை, மணித்தூலின் தீவுக்குப் போகிற சீ-சீமான் கப்பல் எல்லாம் சின்னத் தொட்டியில். பெரிய தொட்டி வாயில் வெளிச்சவீடு நிற்கிறது, அது வந்தது 1885 இல். ஆமாம், நம் கப்பல் தாண்ட அதே வருடம். முதலில் இதைத் தற்செயல் என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், அந்தக் கரையில் அவ்வளவு கப்பல் அடிபட்டுக்கொண்டிருந்தபடியால்தானே விளக்கே வைத்தார்கள்.

யூன் 17

நீண்ட குறிப்பு, தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என் முதல் சுழியோட்டம் அங்கே எப்படிப் போனது என்று கேட்டார்கள். கேவலமாகப் போனது. நான் சுழியோடப் பழகியது திருகோணமலையில், உப்புத்தண்ணீரில், மெல்லிய சுழியோட்ட உடுப்போடு (சூட் என்போம்). கனடா வந்து நாலாவது வருடம்தான் திரும்பத் துணிந்தேன். சாமான் வாடகைக்கு எடுத்த கடையில் (பெயர் வேண்டாம்) "கடைசியாக எத்தனை கிலோ ஈயம் கட்டினாய்?" என்று கேட்டார்கள், சொன்னேன். "இப்போது தடித்த சூட், அதனால் கூட்டிக் கட்டு" என்று நாலு கிலோ மேலதிகமாகத் தந்தார்கள். தடித்த சூட் மிதக்கும், அதற்கு ஈயம் கூட்டத்தான் வேண்டும், அது சரி. ஆனால் நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைவு. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஈயத்தைக் கழற்ற வேண்டும். அதை அவர்களும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கரையிலிருந்து நீந்திப் போய், மிதவை அங்கியில் இருந்த காற்றைத் திறந்துவிட்டு இறங்கினேன். இறங்கவில்லை, அம்மிக்கல் மாதிரி விழுந்தேன். கப்பலின் வலப்பக்கம் ஒரு முழம் தள்ளிச் சேற்றுக்குள் முழங்கால் வரை புதைந்தேன். சேறு என்றால் களிமண் சேறு இல்லை, மாவு. நூறு வருட மாவு. ஒரு நொடியில் என் கை எனக்கே தெரியவில்லை. கால்செட்டையை அடிக்க அடிக்க இன்னும் கிளம்பியது. அன்றைக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள், அவர்கள் பார்க்க வேண்டிய முழுக் கப்பலையும் நான் மறைத்துவிட்டேன். மேலே வந்தபோது அந்தப் பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை. என்னுடைய ஈயப் பட்டியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கட்டியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பிற்பகல் திரும்ப இறங்கினேன், அப்போதுதான் கப்பலைப் பார்த்தேன். மூக்குப் பக்கம் நங்கூரச் சங்கிலி சுற்றுகிற பெரிய மர உருளை இன்னும் இருக்கிறது. அதன் கீழே ஒரு பாஸ் மீன், ஒரு சாண் நீளம், கடைக்காரர் கல்லாவில் குந்திக்கொண்டிருப்பதுபோல நின்றது. நான் கிட்டப் போக அது அசையவில்லை, நான்தான் விலகிப் போனேன். பலகைகளுக்கு இடையில் நீக்கல். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்துப்போய் வட்டமாக இருந்தது. மேலே வெளிச்சம் அசைய அசைய அந்த வட்டங்கள் எல்லாம் கண் சிமிட்டுவதுபோல இருந்தன.

ஆறு மீற்றரில் என்ன இருக்கிறது என்றால், நேரம் இருக்கிறது. ஒரு சிலிண்டர் காற்றில் ஒரு மணித்தியாலம் ஒரே ஆணியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

யூன் 18

முந்திய குறிப்பில் "கடை" என்று எழுதியதால் எந்தக் கடை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்லமாட்டேன். பிழை பாதி என்னுடையது.

யூலை 2

அரேபியா என்ற கப்பலைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விடமாட்டீர்கள் போல. "அதுதான் கப்பல், ஸ்வீப்ஸ்ரேக்ஸ் பிள்ளை விளையாட்டு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன்.

அரேபியா 1853 இல் கிங்ஸ்ரனில் கட்டியது. 1884 ஒக்ரோபரில் சோளம் ஏற்றிக்கொண்டு வந்தபோது எக்கோ தீவுப் பக்கம் தாண்டது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். கிடந்த இடம் 1971 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 34 மீற்றர் அளவு ஆழம். மூக்கு நிமிர்ந்து, முன்கொம்பு நீண்டு, நங்கூரங்கள் பக்கத்தில் தொங்க, படத்தில் வரைந்த கப்பல் மாதிரி நிற்கிறது. அங்கே பல சுழியோடிகள் செத்திருக்கிறார்கள். கப்பல் தாண்டபோது ஒருவரும் சாகவில்லை, பார்க்கப் போனவர்கள்தான்.

என் கதை: மூன்றாவது கோடையில் படகில் போனோம். மிதவையில் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பதினைந்து மீற்றரில் ஒரு கோடு. அதற்கு மேலே ஏரி, கீழே ஐஸ். நெற்றியில் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. இருபத்திநாலு மீற்றர் இருக்கும், கீழே மங்கலாக முன்கொம்பு தெரியத் தொடங்கியது. அந்த நேரம் வாயிலிருந்த ரெகுலேற்றர் (சிலிண்டர் காற்றை அளவாக வாய்க்குத் தருகிற கருவி) சீறத் தொடங்கி, மூடாத குழாய் மாதிரிக் காற்றைக் கொட்டியது. அழுத்தத்தில் இருந்த காற்று விரியும்போது குளிரும், தண்ணீரும் 4 பாகை, உள்ளே ஈரம் உறைந்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். புத்தகத்தில் படித்திருந்தேன். புத்தகத்தில் அந்தச் சத்தம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் முழுக்க வெள்ளைக் குமிழி, மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. கூட வந்தவர் என் தோள்பட்டியைப் பிடித்து, தன்னுடைய மாற்று வாய்க்குழாயை என் வாய்க்கு முன்னால் நீட்டினார். ஏறினோம். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடத்தைப்போல நீண்ட மூன்று நிமிடம் நான் தாதியர் அறைக்கு வெளியே நின்றபோதுகூடக் காணவில்லை.

அடுத்த வருடம் குளிருக்கு ஏற்ற ரெகுலேற்றர் வாங்கி, இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடம். அதில் பாதி அளவுமானியைப் பார்க்கிற வேலை. முப்பது மீற்றருக்குக் கீழே நைதரசன் மண்டைக்கு ஏறும், ஒரு போத்தல் கள்ளு உள்ளே போன மாதிரி. மேலே வந்து "சுக்கான் சில்லைப் பார்த்தாயா?" என்று கேட்டார்கள். பார்த்தேன் என்று சொன்னேன். பார்த்தேனா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை.

யூலை 3

"தாதியர் அறை" பிழை, பிரசவ அறை. மகள் பிறந்தபோது. நன்றி, எல்லோருக்கும். இனிக் கேலி போதும்.

யூலை 15

மட்டி பற்றி. கப்பல் மேலே ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன ஓடுகளைப் பற்றி ஒருவர் படம் போட்டுக் கேட்டிருந்தார். 80களின் கடைசியில் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்புகிற தண்ணீரோடு வந்த வரிக்குதிரை மட்டி. அதன் தங்கை குவாகா மட்டி பின்னால் வந்து அக்காவையே துரத்திவிட்டது, இப்போது பெரும்பாலும் தங்கையின் ஆட்சிதான். இவை தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதால் ஏரி கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. சுழியோடிகளுக்குச் சந்தோசம். மீனுக்குச் சாப்பாடு குறைந்துபோனது. ஆழத்தில் கிடக்கிற கப்பல்களைப் போர்வை போட்ட மாதிரி மூடி, பாரத்தையும் ஏற்றுகிறது. அந்தத் தெளிவை ரசிக்கும்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும் எனக்கு.

யூலை 15, இரவு

நம் வல்வெட்டித்துறை அன்னபூரணிக் கப்பலும் அமெரிக்காவுக்குப் போனதே, அதுவும் இந்த ஏரிகளில்தான் கிடக்கிறதா என்று ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். இல்லை அண்ணை. அதை ஒரு அமெரிக்கர் வாங்கி, நம் ஆட்களே ஓட்டிக்கொண்டு 1938 இல் போய்ச் சேர்ந்தது மசச்சூசெற்ஸ் கரையில் குளொஸ்ரர். அது அத்திலாந்திக் பக்கம். ஏரிக்குள் வரவில்லை. ஆனால் ஒன்று, அன்னபூரணி 89 அடி, ஸ்வீப்ஸ்ரேக்ஸ் 119. தளத்துக்கு மேலே மிதக்கும்போது நானும் வல்வெட்டித்துறைத் தண்டையல்மாரை, அந்தக் கப்பல் தலைவர்களைத்தான் நினைப்பேன். அந்த மாதிரிக் கப்பலை அட்லாஸில் மட்டும் பார்த்த கடலில் ஓட்டிக்கொண்டு போனார்களே.

ஓகஸ்ட் 6

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று கிழமை யோசித்தேன்.

கப்பலுக்குள்ளே நுழையக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். நான் நுழையவில்லை. ஆனால் என் நாலாவதோ ஐந்தாவதோ தடவை, சரக்கு இறக்குகிற வாயால் தலையையும் தோளையும் உள்ளே விட்டு ரோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். விலா வளைகள் இருட்டுக்குள் வரிசையாகப் போயின, திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் பார்ப்பதுபோல. திரும்பும்போது மேலே அண்ணாந்தேன். தளப்பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு கண்ணாடி ஒட்டியிருந்தது, பாதரசம் ஊற்றின மாதிரி. அதில் என் முகம் தெரிந்தது. ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது, அது என் மூச்சு. நான் விட்ட காற்று போக வழியில்லாமல் பலகைக்குக் கீழே தேங்கி நின்றது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஒரு ஆள் நிமிடத்துக்குப் பதினைந்து லீற்றர் மூச்சு விடுகிறான் என்று வையுங்கள். தண்ணீருக்குள் சிக்கிய ஒரு லீற்றர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்தை மேலே தள்ளும். இரண்டு நிமிடத்தில் முப்பது கிலோ, ஒரு அரிசி மூடை அளவு, ஆணி துருப்பிடித்துப்போன பலகையைக் கீழேயிருந்து உந்துகிறது. எல்லாக் காற்றும் நிற்காது, நீக்கலால் கொஞ்சம் போகும். பாதி என்றே வையுங்கள். அதைவிட மோசம், அந்தக் காற்றில் ஒட்சிசன் இருக்கிறது. காற்றுப் படாமல் இருந்த மரத்துக்கு நான் காற்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். யூன் 5 அன்று வேலித்தூணைப் பற்றிப் பெரிய வாத்தியார் மாதிரி எழுதினேனே, அதே வேலையை நானே செய்திருக்கிறேன்.

முண்டு கொடுத்தார்கள் என்று எழுதினேனே, தளம் ஏன் இடியப்பார்த்தது என்று அன்றைக்கு நான் எழுதவில்லை.

ஓகஸ்ட் 7

"அப்படியென்றால் யாரும் போகாமல் விடுவதுதானே?" நல்ல கேள்வி. என்னிடம் சுத்தமான பதில் இல்லை. நான் தொடர்ந்து போகிறேன், வெளியே மட்டும், தளத்துக்கு ஒரு ஆள் உயரம் மேலே. போகாமல் இருந்திருந்தால் இந்த இழையில் நானும் செட் என்றுதான் எழுதியிருப்பேன்.

ஓகஸ்ட் 20

ஒருவர் சொக்லேற் பேப்பர் அளவுக்குப் பலகைத் துண்டு ஒன்று கிடந்தால் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். எடுக்கக்கூடாது. 1987 இலிருந்து ஃபதம் ஃபைவ் தேசியக் கடற்பூங்கா அது. தேங்காய்ச் சிரட்டையைக்கூட எடுக்க முடியாது. (தேங்காய் எப்படி அங்கே வந்தது என்று கேட்காதீர்கள், யாரோ நேர்த்தி வைத்திருப்பார்கள்.)

புதையல் ஆசை இருந்தால் ஸ்கொட்லாந்தில் இதே பெயரில் உள்ள மூல ரோபர்மோரிக்குப் போங்கள். 1588 இல் ஸ்பானியப் படைக் கப்பல் ஒன்று அங்கே வெடித்துத் தாண்டது. பொன் இருக்கிறது என்று நூற்றாண்டுக் கணக்காகத் தோண்டுகிறார்கள். நம் கப்பலில் இருந்தது நிலக்கரி. அதையும் எடுத்தாயிற்று.

செப்டெம்பர் 10

கேள்வி கேட்டவர் நேற்று வந்தார்! சுழியோடவில்லை, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டும். சுற்றுலாப் படகுகளுக்கு ஒரு நேரம், நமக்கு ஒரு நேரம் என்று பிரித்திருப்பதால் காலையிலேயே பதிந்துவிட்டு இறங்கினோம். அவர் தளத்துக்கு நேர் மேலே குப்புற மிதந்தார், நாற்பது நிமிடம். நான் கீழே உருளையடியில் இருந்தேன். பாஸ் மீன் இருந்தது, அதே மீன்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

கரைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பக்கத்தில் கிடக்கிறது என்ன?" அது சிற்றி ஒஃப் கிராண்ட் ரப்பிட்ஸ், நீராவிக் கப்பல். 1907 ஒக்ரோபரில் சின்னத் தொட்டியில் கட்டியிருந்தபோது தீப்பிடித்தது. மற்றப் படகுகளும் பற்றிவிடும் என்று வெளியே இழுத்துவிட்டார்கள், அது எரிந்துகொண்டே வந்து பெரிய தொட்டியில் தாண்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுவும் செட் இல்லையா?" என்றார்.

செப்டெம்பர் 11

அவருடைய மனைவி கேட்கச் சொன்னாராம்: அடுத்த கோடையில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தால் எத்தனை கிலோ ஈயம் கட்ட வேண்டும்? ஆளையும் சூட்டையும் பார்க்காமல் சொல்ல முடியாது தங்கச்சி. கடலில் பழகிவிட்டு வந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கழற்ற வேண்டிவரும். நீர்மட்டத்தில் நின்று, மூச்சைப் பிடித்து, கண்மட்டத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்று கரையிலேயே பாருங்கள். கடைக்காரர் சொல்வதைக் கேட்டுவிட்டு, திரும்ப ஒருதரம் பாருங்கள்.